தண்ணீரில் கண்டம்

2024 ஜூலை 23 அன்று, கேரளத்தில் நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்திலுள்ள கண்ணரவிளையைச் சேர்ந்த ஓர் இளைஞர் இறந்துபோனார். முதலில் வந்தது தலைவலியும் காய்ச்சலும்தான். அந்த வயதில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத தொந்தரவு. சில நாட்களுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த இரண்டு வாரங்களில் அதே பகுதியிலிருந்து வேறு சிலரும் அதே தலைவலியோடும் காய்ச்சலோடும் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்கள். விசாரித்தபோது ஒரு விஷயம் ஒத்துப்போனது. இறந்தவர் குளித்த அதே காவின்குளத்தில் இவர்களும் குளித்திருந்தார்கள்.

அவர்களைப் பிடித்திருந்தது அமீபா மூளைக்காய்ச்சல். இந்த நோயை உண்டாக்கும் அமீபாக்களில் மிகக் கொடியது நெக்ளீரியா ஃபௌலெரி. அது மூளைக்குள் புகுந்தால் நூற்றில் தொண்ணூற்றேழு பேர் இறந்துவிடுவார்கள் என்பதே உலக மருத்துவக் கணக்கு. அமெரிக்காவில் 1962 முதல் 2023 வரை பதிவான 164 நோயாளிகளில் பிழைத்தவர்கள் நான்கே பேர். அப்படிப்பட்ட நோய் வகையின் பிடியிலிருந்து, நெய்யாற்றின்கரைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகக் குணமாகி வீடு திரும்பினார்கள்.

ஒரே குளம், ஒரே மாதம். ஒருவர் போய்விட்டார், மற்றவர்கள் தப்பினார்கள். ஊரில் இதற்குத் தயாராக ஒரு விளக்கம் இருக்கிறது. ஜாதகத்தைப் புரட்டி, "இவனுக்குத் தண்ணியில கண்டம்" என்று சொல்லும் வழக்கம் கேரள-தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. தப்பித்தவனைப் பார்த்து, "ஆயுசு கெட்டி மக்கா" என்பார்கள். அந்த ஆயுசைக் கெட்டியாக்கியது எது என்று கேட்டுப் பார்ப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. உயிர் தப்பிய ஒவ்வொரு சம்பவத்துக்கும் பின்னால் ஒரு காரணச் சங்கிலி இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துவிட்டால், ஒருவருக்கு வாய்த்ததை ஊருக்கே வாய்க்கும்படி செய்யலாம்.

மூக்கிலிருந்து மூளைக்கு

எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. அங்கிருந்து நெய்யாற்றின்கரை வரை ரப்பரும் வாழையும் மரச்சீனியும் தென்னையும் மாறி மாறி வரும். எந்த இடைவழியில் இறங்கினாலும் ஒரு கோயில் குளமோ காவுக்குளமோ வயலோரத்து வாய்க்காலோ இருக்கும். வீட்டுக்கு வீடு கிணறு. கேரளம் முழுவதற்கும் கணக்கிட்டால் ஏறத்தாழ 55 லட்சம் கிணறுகளும் 55,000 குளங்களும் வரும். இந்தத் தண்ணீரில்தான் இங்குள்ள பிள்ளைகள் நீச்சல் பழகுகிறார்கள். வேலை முடிந்து வருகிறவர்கள் உடம்பு அலசுவதும், திருவிழாவுக்கு முன் முங்கிக் குளிப்பதும் இதில்தான்.

இந்தக் குளங்களின் அடிச்சேற்றில் நெக்ளீரியா வாழ்கிறது. அதன் உணவு பாக்டீரியா. மனிதன் அதற்குத் தேவையே இல்லை. அதற்கு மூன்று உருவங்கள் உண்டு. சூழல் மோசமானால் தடித்த ஓடு கட்டிக்கொண்டு உறங்கும். இரை இல்லாவிட்டால் இரண்டு சாட்டை இழைகளை முளைக்கவிட்டு, நீந்தி வேறிடம் தேடும். இரையும் வெப்பமும் இருந்தால் அமீபா உருவெடுத்து, ஊர்ந்து தின்று இரண்டிரண்டாகப் பெருகும். வெதுவெதுப்பு அதற்கு மிகவும் பிடிக்கும். 46 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். மழை குறைந்து வெயில் ஏறி, குளத்தில் நீர் வற்றிச் சேறு மேலே வரும் நாட்கள் அதற்குக் கொண்டாட்டம்.

இந்த அமீபா கலந்த தண்ணீரைக் குடித்தால் நோய் வராது. வயிற்று அமிலம் அதைக் கொன்றுவிடும். தோலில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. அதற்கு மூளைக்குப் போகும் ஒரே வழி மூக்குதான். கரையிலிருந்து தலைகீழாகக் குதிக்கும்போதும் ஆழத்தில் முங்கிச் சேற்றைக் கலக்கும்போதும் தண்ணீர் மூக்கின் உச்சிவரை வேகமாக ஏறுகிறது. அங்கே, இரண்டு கண்களுக்கும் நடுவில், மூக்கையும் மூளையையும் பிரிக்கும் மெல்லிய எலும்பு ஒன்று உண்டு. உடற்கூற்றியலில் அதற்குச் சல்லடை எலும்பு என்று பெயர். வாசனையை உணரும் நரம்பிழைகள் அதன் நுண்துளைகள் வழியாக மூளைக்குப் போகின்றன. ரப்பர் பாலின் நெடியையும் பலாப்பழ வாசனையையும் நமக்குச் சொல்லும் அந்த நரம்பைப் பற்றிக்கொண்டுதான் அமீபா மேலே ஏறுகிறது.

மூளைக்குள் போனதும் அதன் உடலின் மேற்பரப்பில் கிண்ணம் போன்ற உறிஞ்சுவாய்கள் தோன்றும். பாக்டீரியாவைத் தின்றுகொண்டிருந்த உயிர் இப்போது மூளைத் திசுவைக் கடித்துத் தின்னத் தொடங்கும். நம் உடல் அதை எதிர்க்க வெள்ளையணுக்களைத் திரட்டி அனுப்ப, அந்தப் போரில் மூளை வீங்குகிறது. மண்டையோட்டுக்குள் வீங்க இடமில்லை. பெரும்பாலும் உயிரைப் பறிப்பது இந்த வீக்கமும் அழுத்தமும்தான். குளித்த நாளிலிருந்து முதல் தலைவலி வரச் சராசரியாக ஐந்து நாள். தலைவலியிலிருந்து மரணம் வரைக்கும் சராசரியாக ஐந்தே நாள்.

இந்த நோயை முதலில் அடையாளம் கண்டு எழுதியவர்கள், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய மால்கம் ஃபௌலரும் அவரது சகா கார்ட்டரும். ஆண்டு 1965. கிருமியின் பெயரில் ஃபௌலர் இருக்கிறார். இந்தியாவில் முதல் நோயாளிகளைப் பற்றிய குறிப்பு 1971இல் வந்தது. கேரளத்தில் முதல் நோயாளி 2016இல் ஆலப்புழையில் கண்டறியப்பட்டார்.

தெரியாமல் தப்பியவர்கள்

இதையெல்லாம் வாசிக்கும் எவருக்கும் ஒரு சந்தேகம் எழும். தலைமுறை தலைமுறையாக இந்தக் குளங்களில் குதித்து வளர்ந்த லட்சக்கணக்கானவர்கள் எப்படி உயிரோடு இருக்கிறார்கள்?

நோயே வராத, நன்றாக இருக்கும் மனிதர்களின் ரத்தத்தை ஆராய்ந்து பார்த்தார்கள். நெக்ளீரியாவை எதிர்க்கும் எதிரணுக்கள் பலரிடம் இருந்தன. அதாவது, அவர்கள் உடல் எப்போதோ இந்த அமீபாவையோ அதன் நெருங்கிய உறவினத்தையோ சந்தித்து, அடையாளம் கண்டுவைத்திருக்கிறது. மூக்கின் சளிப்படலமும் அதிலுள்ள எதிரணுக்களும் பெரும்பாலான நேரங்களில் வந்த அமீபாவை வாசலிலேயே மடக்கிவிடுகின்றன. எந்தத் தடயமும் விடாமல் நடந்து முடியும் சண்டை இது. குளித்துவிட்டு வந்து, தலை துவட்டி, சாப்பிட்டுத் தூங்கியவருக்கு அன்று என்ன நடந்தது என்பதே தெரியாது.

மனித வாழ்வில் நேரும் தப்பித்தல்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வகைதான். இரவில் வரப்பில் நடந்தபோது காலுக்கு ஒரு சாண் தள்ளிப் படுத்திருந்த விரியனும், கிணற்றடி மோட்டாரில் கசிந்துகொண்டிருந்த மின்சாரமும் நம் கணக்கில் ஏறுவதே இல்லை. கணக்கில் ஏறாததால், அபாயம் இல்லை என்று மனம் முடிவுகட்டுகிறது. "நாங்க அம்பது வருஷமா இதுலதான் குளிக்கோம், ஒண்ணும் வரல" என்று குளத்தங்கரையில் ஒரு பெரியவர் சொன்னால் அது பொய்யில்லை. அவர் பார்த்த உண்மை அது. ஆனால் அபாயம் இல்லாததால் ஒன்றும் வரவில்லையா, அபாயம் இருந்தும் ஒவ்வொரு முறையும் உடல் தடுத்துவிட்டதா என்பதை அந்த ஐம்பது வருட அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றுதான்.

உடல் தரும் இந்தப் பாதுகாப்பு பெரியது, ஆனால் நம் கையில் இல்லாதது. என்றைக்கு அது தவறும், யாருக்குத் தவறும் என்று முன்கூட்டிச் சொல்ல இன்னும் வழியில்லை. நம் கையில் இருப்பது இரண்டாவது வகைத் தப்பித்தல். அமீபா மூளைக்குள் போன பிறகும் உயிர் பிழைப்பது.

"எங்கே குளித்தாய்?"

நெய்யாற்றின்கரை இளைஞர் இறப்பதற்கு முந்தைய ஏறத்தாழ இரண்டு மாதங்களில் வடகேரளத்தில் மூன்று குழந்தைகளை இந்நோய் கொண்டுபோயிருந்தது. மலப்புறம், கண்ணூர், கோழிக்கோடு என மாவட்டத்துக்கு ஒரு குழந்தை. செய்தித்தாள்களும் சமூக ஊடகங்களும் அதையே பேசின. கோழிக்கோடு மாவட்டத்தில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தலைவலியும் வலிப்பும் வந்தபோது, அவனுடைய தந்தை இந்த அமீபாவைப் பற்றி ஏற்கெனவே வாசித்திருந்தார். மாடு வளர்த்துப் பால் விற்கும் எளிய மனிதர். மகன் குளத்தில் நீந்தியதை மருத்துவரிடம் அவரே எடுத்துச் சொன்னார். உடனே அந்தத் திசையில் பரிசோதித்தார்கள், சிகிச்சை தொடங்கியது. 2024 ஜூலையில் சிறுவன் வீடு திரும்பினான். உலகில் இந்நோயிலிருந்து மீண்ட வெகு சிலரில் ஒருவன் என்று கேரள அரசு அறிவித்தது.

அந்தத் தந்தை சொன்ன ஒரு வாக்கியம் ஏன் இவ்வளவு பெரியது? அமீபா மூளைக்காய்ச்சலின் அறிகுறிகள் எல்லாம் சாதாரண மூளைக்காய்ச்சலின் அறிகுறிகளே. நெற்றியைப் பிளக்கும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்தை வளைக்க முடியாத விறைப்பு, வெளிச்சம் பட்டால் கூசுவது, பிறகு குழப்பமும் வலிப்பும். முதுகுத்தண்டில் ஊசி செருகி எடுக்கும் நீரிலும் பாக்டீரியா மூளைக்காய்ச்சலில் காணும் மாற்றங்களே தெரியும். மருத்துவர் பாக்டீரியாவுக்கு மருந்து கொடுத்துவிட்டு இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பார். அது எங்கும் நடக்கும் சரியான நடைமுறைதான். ஆனால் மொத்தமே ஐந்து நாள் அவகாசமுள்ள நோயில் இரண்டு நாள் போய்விட்டால் மீதி என்ன இருக்கும்?

குளத்தில் குளித்த செய்தி கிடைத்தால் ஆய்வுக்கூடத்தின் வேலை முறையே மாறுகிறது. முதுகுத்தண்டு நீரைக் குளிர்பெட்டியில் வைக்காமல் உடனே எடுத்துப் போகிறார்கள். குளிர் பட்டால் அமீபா அசைவதை நிறுத்திவிடும். அசையாத அமீபாவை வெள்ளையணு என்று கண் ஏமாந்துவிடும், ஏனெனில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஒரே நிறம். ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, மெல்லிய மூடி வைத்து, நுண்ணோக்கியின் கீழே காத்திருக்க வேண்டும். வட்டவட்டமாகக் கிடக்கும் அணுக்களுக்கு நடுவே ஒன்று மட்டும் உடலின் ஒரு பக்கத்தைப் பிதுக்கி நீட்டும். உள்ளிருக்கும் கூழ் அந்த நீட்சிக்குள் வழிந்து நிரம்ப, முழு உடலும் அந்தப் பக்கம் நகரும். பிறகு வேறொரு பக்கம் பிதுங்கும். அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு முதல் நாற்பதில் ஒரு பங்கு வரைதான். அந்த நகர்வைப் பார்த்துவிட்டால் அமீபா இருக்கிறது என்பது உறுதி. எந்த இனம் என்பதை மரபணுப் பரிசோதனை பின்னால் சொல்லும், மருந்து அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

மருந்துகளின் கதையும் அறிய வேண்டியது. முக்கியமானது மில்டிஃபோசின். முதலில் புற்றுநோய்க்காக ஆராயப்பட்டது. பிறகு பீகார் மக்களை வாட்டிய காலா அசார் நோய்க்கு நல்ல மருந்து என்று நிரூபணமாயிற்று. அமீபாவையும் கொல்கிறது என்பது அதன் பிறகு தெரிந்தது. 2013இல் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் நோய் சீக்கிரமே கண்டறியப்பட்டு, மில்டிஃபோசினோடு, மூளை வீக்கத்தைத் தணிக்க உடலின் வெப்பத்தைக் குறைக்கும் சிகிச்சையும் கொடுக்கப்பட்டது. அவள் முழுமையாகக் குணமானாள். பூஞ்சைக்குக் கொடுக்கும் ஆம்ஃபோடெரிசின்-பி, காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், ஃப்ளூகோனசோல், அசித்ரோமைசின், வீக்கம் குறைக்கும் டெக்சாமெத்தசோன் ஆகியவை இதோடு சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன. கேரளத்துக்கு 2024 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து மில்டிஃபோசின் வந்து சேர்ந்தது. அதே மாதம் மாநில அரசு இந்நோய்க்கென்றே தனி வழிகாட்டு நெறிமுறையை வெளியிட்டது.

இனி நெய்யாற்றின்கரைக்கு வருவோம். முதல் இளைஞருக்கு நோய் வந்தபோது அந்தக் குளத்தை யாரும் சந்தேகிக்க முகாந்திரம் இல்லை. அவர் இறந்த பிறகு சுகாதாரத் துறையினர் ஊருக்குள் வந்து கேள்விகள் கேட்டார்கள். எங்கே குளித்தார்? கூட யார் குளித்தார்கள்? அவர்களில் யாருக்காவது தலைவலி உண்டா? குளத்தில் யாரும் இறங்கக்கூடாது என்று தடை வந்தது. அடுத்தடுத்து நோயுற்றவர்கள் மருத்துவமனைக்குள் நுழையும்போதே மருத்துவர்களுக்குத் தேட வேண்டியது என்ன என்று தெரிந்திருந்தது. நெறிமுறை அச்சாகியிருந்தது. மருந்து மாநிலத்திலேயே இருந்தது. முதலாமவருக்குக் கிடைக்காத அந்த நாட்கள் இவர்களுக்குக் கிடைத்தன. 2024இல் கேரளத்தில் இந்நோய் கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான் இறந்தார். கேரளத்தில் நோய் தந்தவை எல்லாம் நெக்ளீரியா அல்ல, அதைவிட மெதுவாகத் தாக்கும் அகாந்தமீபா போன்றவையும் அவற்றில் உண்டு என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கைப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தாலும், பிழைத்தவர்களின் எண்ணிக்கை மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

ஆக, தப்பித்தவர்களின் ஆயுசைக் கெட்டியாக்கியதில் முதல் பங்கு, தப்பிக்க முடியாமல் போன அந்த இளைஞருடையது. அவருடைய மரணத்தை "விதி" என்று மூடிவைக்காமல், காரணம் கேட்டு ஊர் ஊராக அலைந்தவர்களுடையது அடுத்த பங்கு.

"தரையில் படுத்திருந்தாயா?"

இதே மாதிரி ஒரு கேள்வி இன்னொரு அபாயத்திலும் உயிரைக் காக்கிறது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்தார்கள் என்று ஒரு விரிவான ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. நாகமும் கண்ணாடி விரியனும் கடித்தால் கடிபட்டவருக்கே தெரியும். கட்டுவிரியன் அப்படியில்லை. இரவில் வீட்டுக்குள் வரும். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரைக் கடிக்கும். கடிவாயில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருக்காது. தூக்கம்கூடக் கலையாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுவார். கண்ணிமை தானாகச் சரியும். பேச்சு குழறும். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் வெந்நீரும் ஓமத்திரவமும் கொடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், நஞ்சு நரம்பு முனைகளைச் செயலிழக்கச் செய்து மூச்சுத் தசைகளை எட்டிவிடும்.

அனுபவமுள்ள மருத்துவர் சரிந்த இமையைப் பார்த்ததும், "ராத்திரி தரையிலயா படுத்திருந்தா மக்ளே?" என்று கேட்பார். ஆம் என்றால் கடிவாய் தெரியாவிட்டாலும் நஞ்சுமுறி மருந்தும் செயற்கைச் சுவாசமும் தயாராகும். மூச்சை இயந்திரம் பார்த்துக்கொண்டால், நஞ்சின் பிடி தளரும்வரை நோயாளியைக் கொண்டுபோய்விட முடியும்.

திருவனந்தபுரத்தைச் சேர்ந்த பாம்பு மீட்பாளர் வாவா சுரேஷை 2022 ஜனவரி 31 அன்று கோட்டயம் மாவட்டம் குறிச்சியில் நாகம் தொடையில் கடித்தது. வழியிலேயே நினைவு தப்பி, இதயத்துடிப்பும் நின்றுபோகும் நிலை. ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் கோட்டயம் மருத்துவக் கல்லூரியிலிருந்து நடந்து வெளியே வந்தார். கடித்தது நாகம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அதனால் ஒரு நிமிடமும் வீணாகவில்லை. கட்டுவிரியன் கடிபட்ட பெயரில்லாத ஒரு கூலித் தொழிலாளிக்கும் அதே நிமிடங்களைச் சம்பாதித்துக் கொடுப்பது, சரியான நேரத்தில் கேட்கப்படும் அந்த ஒரு கேள்விதான்.

வீட்டோடு முடிந்துபோன தப்பித்தல்

உயிர் தப்பிய மனிதர்கள் அதற்குப் பிறகு எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை உளவியலாளர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் ராபின் டில்லனும் கேத்தரின் டின்ஸ்லியும் செய்த ஆய்வுகள் இதில் முக்கியமானவை. புயல் வந்தும் சேதமில்லாமல் தப்பியவர்கள் இரண்டு விதமாக முடிவெடுக்கிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். "மயிரிழையில் தப்பினோம்" என்று நினைப்பவர் அடுத்த புயலுக்கு முன்னேற்பாடு செய்கிறார். "பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை" என்று நினைப்பவர் முன்பைவிட அலட்சியமாகிவிடுகிறார். சம்பவம் ஒன்றுதான். அதை எப்படிச் சொல்லிக்கொள்கிறோம் என்பதில்தான் அடுத்த முறை பிழைப்பதும் பிழைக்காததும் இருக்கிறது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஆறுதல் கொள்வது மனித இயல்பு. அதோடு நிறுத்திக்கொண்டால், அடுத்த முறை தலைப்பாகை இல்லாத ஒருவர் அதே இடத்தில் நிற்பார்.

இதற்கு உலகம் கொடுத்த மிகப் பெரிய விலை ஒன்றைச் சொல்ல வேண்டும். 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் நகருக்கு அருகே இறங்க முயன்ற டி.டபிள்யூ.ஏ. 514 என்ற பயணிகள் விமானம், வர்ஜீனியாவில் ஒரு மலைமீது மோதியது. அதிலிருந்த 92 பேரும் இறந்தார்கள். தரைக் கட்டுப்பாட்டு மையம் சொன்ன அனுமதியை விமானிகள் புரிந்துகொண்ட விதத்தில் பிழை. உரிய நேரத்துக்கு முன்பே மலையின் உயரத்துக்கும் கீழே இறங்கிவிட்டார்கள். விசாரணையில் இன்னொரு செய்தி வெளிவந்தது. ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன்னால் வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில், அதே பிழையால், அதே மலையில் மோத இருந்து கடைசிக் கணத்தில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தங்கள் நிறுவனத்துக்குச் சொன்னார்கள். நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. எச்சரிக்கை அந்த நிறுவனத்தின் வாசலைத் தாண்டவில்லை.

இந்தப் பாடத்துக்குப் பிறகுதான் 1976இல், தப்பித்த சம்பவங்களை விமானிகள் தண்டனை அச்சமின்றித் தெரிவிப்பதற்கு நாசாவின் பொறுப்பில் தனி ஏற்பாடு ஒன்று உருவானது. லட்சக்கணக்கான அறிக்கைகள் வந்து சேர்ந்தன. ஒருவர் தப்பியது எல்லோருக்கும் பாடமாகும் முறை வான்வழிப் போக்குவரத்தில் நிலைபெற்றது. இன்று விமானப் பயணம் இவ்வளவு பாதுகாப்பாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் ஊர்களில் அப்படி ஓர் ஏற்பாடு இன்னும் வலுவாக இல்லை. எல்லைக் கிராமங்களில் சிக்கல் இரட்டிப்பு. பாறசாலைப் பக்கத்துக் குளத்தில் குளித்த ஒருவர் காய்ச்சல் வந்ததும் தமிழ்நாட்டுப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கு அருகில் குழித்துறைக்கோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ போகலாம். மார்த்தாண்டத்துக்காரர் இந்தப் பக்கம் வேலைக்கு வந்த இடத்தில் குளித்துவிட்டுத் திரும்பலாம். 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமும் ஆயின. உறவும் வேலையும் இன்றுவரை எல்லை பாராமல் ஓடுகின்றன. நோய்ச் செய்தியும் அப்படியே ஓட வேண்டும். ஒரு குளத்துக்குக் கேரளம் தடை போட்டால், ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவருக்கு அன்றைக்கே அது தெரிந்திருக்க வேண்டும்.

குளத்தையும் காப்போம், உயிரையும் காப்போம்

குளங்களைக் கண்டு பயந்து ஒதுங்குவது இதற்குத் தீர்வாகாது. ஒதுக்கப்பட்ட குளம் குப்பை மேடாகி, அமீபாவுக்கு இன்னும் ஏற்ற இடமாகிவிடும். தூர் வாரி, பாசியும் ஆகாயத்தாமரையும் நீக்கி, சாக்கடை கலக்காமல் பார்த்துக்கொண்டால் பாக்டீரியா குறையும். பாக்டீரியா குறைந்தால் அதைத் தின்னும் அமீபாவும் குறையும்.

தெற்கு ஆஸ்திரேலிய மாநிலம் இதைச் சாதித்துக் காட்டியிருக்கிறது. அங்கே மக்களைத் தாக்கிய அமீபா வந்தது குடிநீர்க் குழாய்களிலிருந்து. பாலைவெயிலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நிலத்துக்கு மேலாகவே ஓடிய குழாய்களில் நீர் சூடேறிக் கிடந்தது. காரணம் தெரிந்ததும் வழியெங்கும் குளோரின் சேர்த்தார்கள், நீரைத் தொடர்ந்து பரிசோதித்தார்கள். 1981க்குப் பிறகு அந்த மாநிலத்தில் யாரும் இந்நோய்க்கு ஆளாகவில்லை. அமீபா அழிந்துபோகவில்லை. மனிதர்கள் அதன் வழியை அடைத்தார்கள்.

கேரள அரசு 2025 ஆகஸ்டில் கிணறுகளுக்கும் நீர்த்தொட்டிகளுக்கும் குளோரின் இடும் இயக்கத்தை மாநிலம் முழுவதும் நடத்தியது. வீட்டுக் கிணற்றில் இதை நாமே செய்யலாம். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு. உறையின் உள்விட்டம் 2 மீட்டர், நீரின் ஆழம் 2.5 மீட்டர் என்றால் கிணற்றில் ஏறத்தாழ 7,850 லிட்டர் இருக்கும். அதற்கு 20 கிராம் போதும். ஒரு வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பவுடரைக் குழைத்து, இன்னும் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்த நீரை மட்டும் இறைக்கும் வாளியில் ஊற்றி, கிணற்றின் நீர் மட்டத்துக்குக் கீழே இறக்கி மேலும் கீழும் அசைத்துக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து நீரைப் பயன்படுத்தலாம்.

குளத்தில் குளிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது சிறிய பட்டியல்தான். தேங்கிய, சூடேறிய, கலங்கிய நீரில் தலைகீழாகக் குதிக்க வேண்டாம். சேற்றைக் கிளற வேண்டாம். மூக்கைப் பொத்திக்கொண்டு முங்கலாம், நீச்சல்காரர்கள் போடும் மூக்குக் கவ்வியும் வாங்கிக்கொள்ளலாம். மூக்கைக் கழுவும் பழக்கம் உள்ளவர்கள் கொதிக்கவைத்து ஆறிய நீரை மட்டுமே பயன்படுத்த வேண்டும். காதில் சீழ், மூக்கில் அறுவை சிகிச்சை, தலைக்காயம் உள்ளவர்கள் குளத்தைத் தவிர்ப்பது நல்லது.

இவற்றுக்கெல்லாம் மேலான ஒன்று, வாயைத் திறந்து சொல்வது. குளித்துவிட்டு வந்த வாரத்தில் தலைவலி வந்து சரியாகிவிட்டாலும், கூடக் குளித்தவர்களிடமும் ஊரின் ஆஷா பணியாளரிடமும் சொல்லிவையுங்கள். தப்பித்த கதையை வீட்டுத் திண்ணையோடு முடித்துக்கொள்ளாதீர்கள். தலைவலியும் காய்ச்சலும் விடாமல் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், யாரும் கேட்பதற்காகக் காத்திருக்காமல், கடந்த இரண்டு வாரங்களில் எந்தத் தண்ணீரில் முங்கினீர்கள் என்பதையே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.